ஆர்எஸ்டிபி போட்ட பிறகும் எடைமேடை 36 வினாடி அறுந்தது ஏன்?

செம்பனை நிழல் | செவ்வாய், இரவு 9.12

வணக்கம். தெலுக் இந்தானை ஒட்டிய ஒரு தோட்டப் பட்டணத்தில், செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றின் கணினி, கேமரா, நெட்வொர்க் எல்லாவற்றையும் நான் ஒருவனே கவனித்துக்கொள்கிறேன். மூன்று நாளாக ஒரு கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை.

எங்களிடம் நான்கு சுவிட்சுகள். அலுவலகத்திலிருந்து லாரி எடைமேடை, அங்கிருந்து பட்டறை, பட்டறையிலிருந்து ஆலைக் கட்டுப்பாட்டு அறை, பிறகு மீண்டும் அலுவலகம் என்று ஃபைபரை வளையமாக இழுத்திருக்கிறோம். ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கமாகப் போகட்டும் என்றுதான் அத்தனை செலவு செய்தோம். நான்கு சுவிட்சிலும் ஆர்எஸ்டிபி ஓடுகிறது, அதாவது வளையத்தில் ஓர் இடத்தை அடைத்து வைத்து, தடம் அறுந்தால் அதைத் திறந்துவிடும் முறை. மற்றவை பாதை கணக்கிடும் மையமான வேராக அலுவலக சுவிட்சே இருக்கட்டும் என்று அதன் முன்னுரிமை எண்ணை 4096 ஆக வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை மாலை நான்கு மணி வாக்கில் இடியும் மழையுமாக இருந்தபோது தூங்குமூஞ்சி மரத்தின் கிளை ஒன்று முறிந்து, அலுவலகத்துக்கும் எடைமேடைக்கும் நடுவே போகும் ஃபைபரின் மேல் விழுந்தது. இழை போய்விட்டது. வளையம் இருக்கிறதே, ஒரு வினாடியில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். எடைமேடைக் கணினி 36 வினாடி கழித்துத்தான் திரும்பியது. அதற்குள் எடை போடும் மென்பொருள் தரவுத்தளத்தோடு இருந்த தொடர்பை இழந்து அப்படியே நின்றுவிட்டது. வெளியே ஏழு லாரிகள், குலைகளோடு, என்ஜினை அணைக்காமல் வரிசையில் நிற்கின்றன. கிராணி (எழுத்தர்) அம்மா கையால் சீட்டு எழுதிக் கொடுத்து ஒவ்வொன்றாக உள்ளே விட்டார்.

எனக்குப் புரியாதது இதுதான். அலுவலகத்திலிருந்து, பதில் வருகிறதா என்று பார்க்கும் பிங் ஓடிக்கொண்டிருந்தது. எடைமேடை சுவிட்சின் சொந்த முகவரி ஆறாவது வினாடியில் பதில் சொல்லத் தொடங்கிவிட்டது. அதே சுவிட்சில் செருகியிருக்கும் கணினி மட்டும் 36-ஆவது வினாடியில். கட்டுப்பாட்டு அறையிலும் பட்டறையிலும் யாருமே எதையும் உணரவில்லை.

பந்திங் வாசகன் | செவ்வாய், இரவு 9.50

போர்ட்டைத் திறக்கும் முன் காத்திருக்கும் நேரம், ஃபார்வர்ட் டிலே, 15 வினாடி என்று இருக்கும். அதை 4 ஆகக் குறைத்துவிடுங்கள், நேரம் தானாகச் சுருங்கிவிடும். எங்கள் தோட்ட அலுவலகத்தில் வளையமே கிடையாது, இந்தத் தலைவலியும் கிடையாது.

மஞ்சள் இழை | செவ்வாய், இரவு 10.31

தம்பி, அந்த எண்ணில் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம். இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். அலுவலகத்துக்கும் எடைமேடைக்கும் நடுவில், ஃபைபரைச் செம்புக் கேபிளோடு இணைக்கும் மீடியா கன்வர்ட்டர் இருக்கிறதா? எடைமேடை சுவிட்சில் கணினியும் அச்சுப்பொறியும் செருகிய போர்ட்டுகளை எட்ஜ் போர்ட், அதாவது எதிரே வேறு சுவிட்ச் இல்லாத ஓரப் போர்ட், என்று அறிவித்திருக்கிறீர்களா?

செம்பனை நிழல் | செவ்வாய், இரவு 10.44

ஐயா, அந்த ஒரு தடத்தில் மட்டும் இரண்டு முனையிலும் கன்வர்ட்டர் இருக்கிறது. எடைமேடை சுவிட்ச் பழையது, அலுவலகத்தில் மாற்றியபோது அங்கே கொண்டுபோய் வைத்தோம். அதில் ஃபைபர் துளை ஒன்றுதான், அது பட்டறைப் பக்கம் போகிறது. எட்ஜ் போர்ட் எதையும் நான் அறிவிக்கவில்லை. கணினியில் வளையம் ஏது என்று விட்டுவிட்டேன்.

இன்னொன்றும் உண்டு. அன்று கணினி செருகிய இடத்து விளக்குகளெல்லாம் சிறிது நேரம் ஆரஞ்சு நிறத்தில் எரிந்து, பிறகு பச்சைக்கு மாறின என்று கிராணி அம்மா சொன்னார். மின்சாரக் கோளாறு என்று நினைத்து நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மஞ்சள் இழை | புதன், காலை 6.20

அந்த அம்மா பார்த்ததுதான் விடை. அவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

உங்கள் 36 ஒரே எண் அல்ல. ஆறும் முப்பதும் சேர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பல ஆண்டுகள் இதே வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான், இந்த இரண்டையும் கண்ணால் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆர்எஸ்டிபிக்கு முன்பிருந்த பழைய எஸ்டிபியை 1985-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் இருந்த ரேடியா பெர்ல்மன் உருவாக்கினார். 1990-இல் அது 802.1டி என்ற தரநிலை ஆயிற்று. அந்த முறையின் உயிர் கடிகாரத்தில் இருந்தது. ஒரு போர்ட்டைத் திறக்கும் முன் 15 வினாடி கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், அடுத்த 15 வினாடி முகவரிகளைக் கற்க வேண்டும், பிறகுதான் தரவு போகும். அறுந்த இடம் தள்ளி இருந்தால் பழைய செய்தி காலாவதியாக இன்னொரு 20 வினாடி. ஆகவே 30 முதல் 50 வினாடி வரை. எல்லாச் சுவிட்சுக்கும் செய்தி போய்ச் சேர்ந்திருக்குமா என்று தெரிந்துகொள்ள அதற்கு வழியில்லை. போதுமான நேரம் காத்திருந்தால் சேர்ந்திருக்கும் என்று நம்பியது.

2001-இல் வந்த 802.1டபிள்யூ, அதாவது ஆர்எஸ்டிபி, காத்திருப்பதை விட்டுவிட்டுக் கேட்கத் தொடங்கியது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம் தெரியும். எல்லாரும் வந்திருப்பார்கள் என்று, ஆட்களை மேற்பார்க்கும் தண்டல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது ஒரு முறை. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "இருக்கிறேன்" என்று குரல் வந்ததும் அடுத்த ஆளுக்குப் போவது இன்னொரு முறை. இரண்டாவது முறையில் எல்லாரும் பதில் சொன்ன நொடியிலேயே வேலைக்குக் கிளம்பிவிடலாம்.

இனி உங்கள் சனிக்கிழமைக்கு வருகிறேன். எடைமேடை சுவிட்ச் தன் வேர்ப் போர்ட்டை, அதாவது வேரை நோக்கிய போர்ட்டை, இழந்தது. வேருக்கு இன்னொரு பாதையாக அடைபட்டுக் காத்திருக்கும் மாற்றுப் போர்ட் எதுவும் அதனிடம் இல்லை. இருந்திருந்தால் பேச்சுவார்த்தையே தேவையில்லை, அந்தக் கணமே மாற்றுப் போர்ட் வேர்ப் போர்ட்டாகியிருக்கும். உங்கள் வளையத்தில் அந்த மாற்றுப் போர்ட் பட்டறை சுவிட்சில், எடைமேடையைப் பார்த்த பக்கம் அடைபட்டு இருந்தது. ஆகவே எடைமேடை சுவிட்ச் பட்டறையிடம், "வேர் நான்தான்" என்றது. பழைய எஸ்டிபியில் பட்டறை இதைக் கேட்டும் கேளாததுபோல் 20 வினாடி இருந்திருக்கும். ஆர்எஸ்டிபியில் உடனே மறுக்கிறது: "இல்லை, அலுவலகம்தான் வேர். எனக்குக் கட்டுப்பாட்டு அறை வழியாக அங்கே பாதை இருக்கிறது. இந்தப் போர்ட்டைத் திறக்கட்டுமா?" இதற்குப் பெயர் முன்மொழிவு.

எடைமேடை சுவிட்ச் "சரி" என்று சொல்லும் முன் தன் பக்கம் வளையம் எதுவும் உருவாகாதபடி உறுதி செய்தாக வேண்டும். அதனால் எட்ஜ் என்று அறிவிக்கப்படாத தன் மற்றப் போர்ட்டுகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மூடுகிறது. மூடியபின் இசைவைச் சொல்கிறது, பட்டறை பக்கம் திறந்துகொள்கிறது. இதெல்லாம் கண்ணிமைக்கும் நேரம். சுவிட்சின் சொந்த முகவரி அப்போதே பதில் தந்தது அதனால்தான்.

மூடிய போர்ட்டுகள் என்ன ஆயின? ஒவ்வொன்றிலும் அதே முன்மொழிவை அனுப்பி, "திறக்கட்டுமா?" என்று கேட்கிறது. எதிரே இருப்பது எடைமேடைக் கணினி. அதற்கு இந்தப் பேச்சு தெரியாது, பதில் வராது. பதில் இல்லையென்றால் பழைய கடிகாரத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது விதி. 15-உம் 15-உம் 30. அந்த அம்மா பார்த்த ஆரஞ்சு விளக்கு அதுதான். கட்டுப்பாட்டு அறைக்கும் பட்டறைக்கும் வேர்ப் போர்ட் மாறவே இல்லை, அவற்றிடம் யாரும் முன்மொழியவும் இல்லை. அதனால்தான் அவர்கள் எதையும் உணரவில்லை.

ஆறு வினாடிக் கதையை மாலையில் எழுதுகிறேன். பேத்தியைப் பள்ளியில் விட வேண்டும்.

பள்ளிக் கணினி அறை | புதன், மதியம் 1.15

நான் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் ஆசிரியை. தொழில்நுட்பம் படித்தவள் இல்லை, ஆனாலும் இதை விடாமல் வாசித்தேன். போன ஆண்டு எங்கள் கணினி அறையில் தரையில் கிடந்த கேபிளைப் பார்த்த ஒரு மாணவன், கழன்று கிடக்கிறது என்று நல்லெண்ணத்தில் அதைச் சுவரோரம் இருந்த சிறிய சுவிட்சில் செருகினான். மறுமுனை ஏற்கெனவே அதே சுவிட்சில் இருந்தது. எல்லா விளக்குகளும் ஒரே நேரத்தில் படபடவென்று அடிக்கத் தொடங்கின. இருபது கணினிகளும் நின்றன. ஒரு கேபிளால் அவ்வளவு நடக்குமா?

மஞ்சள் இழை | புதன், மாலை 5.40

நடக்கும் அம்மா. அந்தப் பையன் மேல் எந்தத் தவறும் இல்லை. ஐபி பொட்டலத்துக்கு ஓர் ஆயுள் எண் உண்டு, ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் அது குறைந்து, பூச்சியம் ஆனதும் பொட்டலம் அழிந்துவிடும். சுவிட்சுகள் கடத்தும் ஈதர்நெட் சட்டகத்துக்கு அந்த ஆயுள் எண்ணே கிடையாது. வளையம் ஒன்று கிடைத்துவிட்டால், எல்லாருக்கும் என்று அனுப்பிய ஒரே சட்டகம் சுற்றிச் சுற்றிப் பெருகிக்கொண்டே இருக்கும். கேபிளைப் பிடுங்கும்வரை ஓயாது. வளையத்தில் ஓர் இடத்தை அடைத்து வைப்பதுதான் ஸ்பானிங் ட்ரீயின் (எஸ்டிபி, ஆர்எஸ்டிபி இரண்டும் அதுவே) வேலை. உங்கள் சிறிய சுவிட்சில் அது இருந்திருக்காது.

இனி அந்த ஆறு வினாடி. ஆர்எஸ்டிபியில் ஒவ்வொரு சுவிட்சும் தன் போர்ட்டுகளில் 2 வினாடிக்கு ஒருமுறை பிபிடியு என்ற செய்தியை அனுப்பும். பழைய முறையில் வேர் அனுப்பியதை மற்றவை கடத்திவிடும், அவ்வளவுதான். இதில் எல்லாமே தாமாகப் பேசுகின்றன, அதனால் அண்டைச் சுவிட்சின் மௌனத்துக்கு ஓர் அர்த்தம் உண்டு. மூன்று முறை செய்தி வராவிட்டால், அதாவது 6 வினாடியில், அண்டைச் சுவிட்ச் போய்விட்டது என்று முடிவுசெய்யும்.

ஆனால் கம்பி அறுந்தால் அந்த ஆறு வினாடி கூடத் தேவையில்லை. போர்ட் இறங்குவதை வைத்தே உடனே தெரியும். உங்கள் எடைமேடை சுவிட்சுக்கு ஏன் தெரியவில்லை? அது பார்த்துக்கொண்டிருந்தது ஃபைபரை அல்ல, கன்வர்ட்டரிலிருந்து வரும் அரை மீட்டர் செம்புக் கேபிளை. இழை மரக்கிளையோடு தரையில் கிடக்கிறது. கன்வர்ட்டருக்கு மின்சாரம் இருக்கிறது, செம்புப் பக்கம் விளக்கு பச்சையாகவே எரிகிறது. சுவிட்சைப் பொறுத்தவரை தடம் உயிரோடு இருந்தது.

கன்வர்ட்டரின் பக்கவாட்டில் சிறிய வெள்ளை நெம்புகள் வரிசையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு பக்கம் இறங்கினால் மறுபக்கத்தையும் இறக்கும் வசதி பல மாதிரிகளில் உண்டு. பெரும்பாலும் அணைத்தே வைத்திருப்பார்கள்.

பந்திங் வாசகன் | புதன், இரவு 8.05

மஞ்சள் இழை அண்ணா சொல்வதில் ஒன்றை மட்டும் ஏற்க முடியவில்லை. நான் எந்தச் சுவிட்சிலும் எட்ஜ் போர்ட் அறிவித்ததில்லை. வீட்டிலும் அலுவலகத்திலும் கேபிளைச் செருகினால் மூன்று நான்கு வினாடியில் வேலை செய்கிறது. 30 வினாடி எனக்கு ஏன் வருவதில்லை? பழைய சுவிட்சைத் தூக்கிப் போட்டால் முடிந்தது என்று தோன்றுகிறது. இல்லையென்றால் நான் சொன்னபடி டிலேயைக் குறைக்கலாம்.

மஞ்சள் இழை | புதன், இரவு 9.22

நல்ல கேள்வி தம்பி, இதை நானே சொல்லியிருக்க வேண்டும். 2004-இல் ஆர்எஸ்டிபியை 802.1டி-க்குள்ளேயே சேர்த்துப் பழைய எஸ்டிபியைக் கைவிட்டார்கள். அந்தப் பதிப்பில் தானியங்கி எட்ஜ் வந்தது. முன்மொழிவு அனுப்பியும் 3 வினாடிக்கு எதிரிலிருந்து ஒரு பிபிடியுவும் வரவில்லையென்றால், அங்கே சுவிட்ச் இல்லை என்று போர்ட் தானே முடிவுசெய்துகொள்ளும். உங்கள் மூன்று நான்கு வினாடி அதுதான். எல்லாச் சுவிட்சிலும் அது இருப்பதில்லை, இருந்தாலும் எல்லாவற்றிலும் இயக்கப்பட்டு வருவதில்லை. எடைமேடைக்கு அந்த மூன்று வினாடி கூட வேண்டாத செலவு. கையால் அறிவித்துவிட்டால் சுத்தம்.

டிலேயைக் குறைப்பது பற்றிச் சொல்கிறேன். 4 வைக்க முடியும், அதுதான் கீழெல்லை. ஆனால் டிலேயில் ஒன்றைக் கழித்து இரண்டால் பெருக்கினால் வருவதைவிட மேக்ஸ் ஏஜ், அதாவது செய்தி காலாவதியாகும் எண், பெரிதாக இருக்கக் கூடாது. 4 வைத்தால் மேக்ஸ் ஏஜ் 20-லிருந்து 6-க்கு இறங்க வேண்டும். ஆர்எஸ்டிபியில் அந்த எண், செய்தி எத்தனை சுவிட்சைத் தாண்டலாம் என்பதன் எல்லையும் ஆகும். இன்று நான்கு சுவிட்ச், சமாளிக்கலாம். வளையம் அறுந்து ஒரே வரிசையாகும்போது, நாளைக்குக் குடியிருப்புப் பக்கம் நான்கு சேர்த்தால், கடைசிச் சுவிட்சுக்கு வேரின் செய்தியே எட்டாது. இவ்வளவும் செய்தபின் கிடைப்பது 30-க்குப் பதில் 8 வினாடி. ஒழுங்காகப் பேசவிட்டால் ஒரு வினாடிக்குள் முடிகிற காரியம் அது.

செம்பனை நிழல் | வியாழன், இரவு 8.48

கன்வர்ட்டரைத் திருப்பிப் பார்த்தேன் ஐயா. நான்கு வெள்ளை நெம்புகள், பல்லி எச்சத்தோடு. மூன்றாவதன் அருகே நீங்கள் சொன்ன வசதியின் பெயர் பொடி எழுத்தில் இருக்கிறது, அணைந்த நிலையில்தான். அறுந்த ஃபைபரை நேற்றே ஒட்டவைத்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை ஆலை நிற்கும்போது ஒவ்வொரு மாற்றமாகச் செய்து அளந்து பார்க்கிறேன்.

அதற்கு முன் ஒரு சந்தேகம். எடைமேடை சுவிட்சில் ஒரு போர்ட்டிலிருந்து கேமராக்களுக்காக ஒரு சிறிய சாதாரண சுவிட்ச் போகிறது. அதையும் எட்ஜ் என்று அறிவிக்கலாமா? அறிவித்துவிட்டு, ஆசிரியை சொன்னதுபோல் யாராவது கேபிளைத் திருப்பிச் செருகிவிட்டால்?

மஞ்சள் இழை | வியாழன், இரவு 9.30

அறிவிக்கலாம். எட்ஜ் போர்ட் பிபிடியு அனுப்புவதை நிறுத்துவதில்லை. அந்தச் சிறிய சுவிட்சிலிருந்து இரண்டாவது கேபிளை யாராவது எடைமேடை சுவிட்சின் வேறு போர்ட்டில் செருகினால், ஒரு போர்ட்டில் போன செய்தி மறு போர்ட்டில் திரும்பி வரும். வந்த கணமே அந்தப் போர்ட் எட்ஜ் தகுதியை இழந்துவிடும். தன் குரலே தனக்குக் கேட்கிறது என்று புரிந்துகொண்டு ஒரு போர்ட் அடைபடும், பேக்கப் போர்ட் என்பது அதுதான். நடுவில் சிறிது நேரம் வளையம் இருக்கும், அதற்காகப் பிபிடியு கார்டையும் போடுங்கள். பிபிடியு வந்தால் போர்ட்டே மூடிக்கொள்ளும், பிறகு நீங்களாகப் போய்த்தான் திறக்க வேண்டும்.

சிறிய சுவிட்ச் பிபிடியுவை விழுங்கிவிடும் ரகமாக இருந்தால் இதனால் காக்க முடியாது. பள்ளியில் நடந்ததுபோல் கேபிளின் இரு முனையும் அதற்குள்ளேயே போனால், அந்தச் சிறிய சுவிட்சுக்குள் சுற்றும் வளையத்தை இது நிறுத்தாது. இப்படிப் பெருகும் சட்டகங்களை ஓர் அளவுக்கு மேல் விடாத புயல் கட்டுப்பாடு என்று ஒரு அமைப்பு இருந்தால் அந்தப் போர்ட்டில் போட்டு வையுங்கள். ஃபைபர் போகும் போர்ட்டுகளை மட்டும் எக்காரணம் கொண்டும் எட்ஜ் என்று அறிவிக்காதீர்கள்.

கன்வர்ட்டரைத் தொடப் போவதால் இன்னொன்று. அதோடு சேரும் செம்புப் போர்ட்டில் ஒரு பக்கம் வேகத்தை 100 முழு டூப்ளெக்ஸ் என்று கட்டாயப்படுத்தி, மறுபக்கம் தானியங்கியாக விட்டிருந்தால், தானியங்கிப் பக்கம், ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் முடியாத ஹாஃப் டூப்ளெக்ஸில் விழும். ஹாஃப் டூப்ளெக்ஸ் என்றால் பலர் பகிரும் தடம் என்று ஆர்எஸ்டிபி எண்ணிக்கொள்ளும். அந்தப் போர்ட்டில் முன்மொழிவும் இல்லை, இசைவும் இல்லை, மீண்டும் 30 வினாடி. போர்ட் பட்டியலில் "முழு" என்று இருக்கிறதா, கண்ணால் பாருங்கள்.

ஈப்போ இணைப்பு | வெள்ளி, காலை 7.10

ஈதர்நெட் வளையங்களுக்கென்றே ஐடியு-டி ஜி.8032 என்று ஒரு தரநிலை இருக்கிறதே. 50 மில்லி வினாடிக்குள் மாறும். ஆலைக்கு அதுதான் சரி என்பது என் கருத்து.

மஞ்சள் இழை | வெள்ளி, காலை 7.55

உண்மை. இயந்திரக் கட்டுப்பாடு அந்த வளையத்தில் ஓடினால் நானும் அதையே சொல்வேன். நான்கு சுவிட்சும் அதை ஆதரிக்க வேண்டும், இவருடைய எடைமேடைப் பெட்டி ஆதரிக்காது. எடைச் சீட்டுக்கு ஆர்எஸ்டிபி தாராளமாகப் போதும்.

செம்பனை நிழல் | ஞாயிறு, மாலை 6.35

செய்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் அலுவலகத்துக் கன்வர்ட்டரில் ஃபைபரை உருவி, 100 மில்லி வினாடிக்கு ஒரு பிங் வீதம் எடைமேடைக் கணினிக்கு அனுப்பி அளந்தேன்.

எதையும் மாற்றாமல் முதலில் ஒருமுறை: 35 வினாடியும் சில்லறையும். சுவிட்சுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஐந்து வினாடிக்கு ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கணினி, அச்சுப்பொறி, கேமரா என்று எல்லா விளக்குகளும் ஒன்றாக ஆரஞ்சுக்கு மாறின. கிராணி அம்மா சொன்னது வார்த்தைக்கு வார்த்தை சரி.

எட்ஜ் அறிவித்தபின்: 5 வினாடிக்குச் சற்று மேல். ஒரு விளக்கு கூட நிறம் மாறவில்லை.

இரண்டு கன்வர்ட்டரிலும் மூன்றாவது நெம்பைத் தள்ளியபின்: மூன்று பிங் மட்டும் விழுந்தது. நம்பாமல் நான்கு முறை செய்தேன், ஒருமுறை கூட ஐந்தைத் தாண்டவில்லை. எடை மென்பொருளைத் திறந்து வைத்துவிட்டு உருவினேன், திரை அசையவே இல்லை.

டூப்ளெக்ஸையும் பார்த்தேன், எல்லாம் முழு.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும் ஐயா. தடம் மாறியதும் அலுவலக சுவிட்சுக்கு, எடைமேடைக் கணினி இனிக் கட்டுப்பாட்டு அறைப் பக்கம் இருக்கிறது என்று அவ்வளவு சீக்கிரம் எப்படித் தெரிந்தது? எந்தக் கருவி எந்தப் போர்ட்டில் என்று சுவிட்ச் வைத்திருக்கும் முகவரிப் பட்டியல் 300 வினாடி நிற்கும் என்று படித்திருக்கிறேன்.

மஞ்சள் இழை | ஞாயிறு, இரவு 8.15

அளந்த விதம் மனதுக்கு நிறைவாக இருக்கிறது தம்பி. ஒவ்வொன்றாக மாற்றியதால்தான் எந்த வினாடி எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்க்க முடிந்தது.

பழைய எஸ்டிபியில் மாற்றத்தைக் கண்ட சுவிட்ச் மேலே மேலே சொல்லி வேருக்குத் தெரிவிக்கும். வேர் எல்லாருக்கும் அறிவிக்கும். அறிவிப்பைக் கேட்டவை 300 வினாடியை 15 ஆகச் சுருக்கிக்கொள்ளும். அப்போதும் 15 வினாடி தவறான திசையில் அனுப்பலாம். ஆர்எஸ்டிபியில் பட்டறைப் போர்ட் திறந்ததும், மாற்றம் என்ற குறியோடு பட்டறையே இரு பக்கமும் பிபிடியுவை அனுப்புகிறது. கட்டுப்பாட்டு அறை அதை வாங்கி அலுவலகத்துக்குக் கடத்துகிறது. குறி எந்தப் போர்ட்டில் வந்ததோ அதையும் எட்ஜ் போர்ட்டுகளையும் விட்டுவிட்டு, மற்றப் போர்ட்டுகளில் கற்ற முகவரிகளை ஒவ்வொரு சுவிட்சும் உடனே அழித்துவிடுகிறது. அலுவலகம் எடைமேடைப் பக்கம் எழுதி வைத்திருந்ததும் அப்படித்தான் போயிற்று. அடுத்த பிங் எல்லாப் பக்கமும் பரவியது, பதில் வந்த பக்கத்தைப் புதிதாக எழுதிக்கொண்டது.

எட்ஜ் போர்ட்டுக்கு இன்னொரு பலனும் இதில் இருக்கிறது. யாராவது கணினியை அணைத்துப் போட்டால் அது மாற்றம் என்றே கருதப்படாது. இத்தனை நாள் உங்கள் வளையத்தில் கணினி ஒன்று மறுபடி எழுந்த போதெல்லாம் நான்கு சுவிட்சும் பட்டியலை அழித்துக்கொண்டிருந்திருக்கும்.

எந்த எந்தப் போர்ட் எட்ஜ், கன்வர்ட்டரில் எந்த நெம்பு என்று ஒரு தாளில் எழுதி, பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். உங்களுக்குப் பிறகு வருகிறவர் பெட்டியை மாற்றும்போது தேடுவார்.

செம்பனை நிழல் | திங்கள், காலை 7.40

ஒட்டிவிட்டேன் ஐயா. கிராணி அம்மா தம் மேசைக்கும் ஒரு பிரதி வேண்டும் என்று கேட்டார். விளக்கின் நிறம் மாறினால் நேரத்தோடு குறித்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

பள்ளிக் கணினி அறை | திங்கள், மதியம் 2.05

எங்கள் பள்ளிச் சுவிட்சை மாற்ற ஒப்புதல் கிடைத்திருக்கிறது. ஆர்எஸ்டிபியும் பிபிடியு கார்டும் இருக்க வேண்டும் என்று விலைப்பட்டியல் கேட்கும் கடிதத்தில் எழுதியிருக்கிறேன். வந்ததும் எந்தப் போர்ட்டை எப்படி அறிவிப்பது என்று இங்கேயே கேட்பேன், மறுக்காமல் சொல்லுங்கள்.